ஹெடர் கிடைத்தது, லைப்ரரி எங்கே? – விண்டோஸ் கம்பைல் கேள்வி பதில்

குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், திறமூல மென்பொருளை விண்டோஸில் சொந்தமாகக் கம்பைல் செய்வது, அதாவது அதன் நிரலை (சோர்ஸை) ஓடும் புரோகிராமாக மாற்றுவது பற்றியவை இந்த இதழில். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில், இடையில் இருக்கும் ஹைபன் மாறாமல் அடியுங்கள்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற டெசராக்ட் மென்பொருளை எம்சிஸ்2 என்ற கம்பைல் கருவித் தொகுப்பின் மூலம் கம்பைல் செய்தேன். முதலில் 'ஆல்ஹெடர்ஸ்.எச்: நோ சச் ஃபைல்' என்று நின்றது. அந்த ஃபைலை இணையத்தில் எடுத்துப் போட்டதும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நூற்றுக்கணக்கில் வருகிறது. எதைச் சரிசெய்வது? – வாசகர், வடசேரி, நாகர்கோவில்

நூறு பிழை இல்லை, ஒன்றுதான். ஆல்ஹெடர்ஸ்.எச் என்பது லெப்டோனிகா என்ற படச் செயலாக்க லைப்ரரியின் ஹெடர். படத்தைத் திறப்பது, நேராக்குவது எல்லாம் டெசராக்டுக்காக லெப்டோனிகா செய்து கொடுக்கிற வேலை. ஹெடரில் இருப்பது 'பிக்ஸ்ரீட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு' என்ற அறிவிப்பு மட்டும். அதை நம்பிக் கம்பைலர் தாண்டிப் போய்விடும். கடைசியில் எல்லாவற்றையும் கோர்க்கிற லிங்கர்தான் அந்த ஃபங்ஷனின் உடம்பைத் தேடும். உங்களிடம் உடம்பு இல்லை. லெப்டோனிகாவின் ஒவ்வொரு ஃபங்ஷனையும் டெசராக்ட் எத்தனை இடத்தில் அழைக்கிறதோ அத்தனை வரி பிழை வரும். தனி ஹெடரை இணையத்தில் எடுத்து ஒட்டுவது எப்போதும் இந்த இடத்தில்தான் கொண்டுவந்து விடும். முதலில் அதை அழித்துவிடுங்கள்.

இனி முறையாக. எம்சிஸ்2 நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் பல பெயரில் டெர்மினல்கள் தெரியும். 'எம்சிஸ்' என்று மொட்டையாக இருப்பதைத் திறக்காதீர்கள். 'யுசிஆர்டி64' என்பதைத் திறங்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். மொட்டை எம்சிஸில் கம்பைல் செய்தால் பிறக்கும் புரோகிராம் எம்சிஸ்-2.0.டிஎல்எல் என்ற ஓடும் நேர லைப்ரரி ஃபைலை நம்பியே ஓடும். சாதாரண விண்டோஸ் புரோகிராமாக இருக்காது.

பிறகு எம்சிஸ்2இன் நிறுவல் கருவியான பேக்மேனால் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள்: பேக்மேன், ஹைபன், பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யு. முதல் தடவை பாதியில் டெர்மினலை மூடச் சொல்லும். மூடிவிட்டு மறுபடி திறந்து அதே கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள். மூடச் சொன்னதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால் பாதி பழசு, பாதி புதுசு என்று கலந்து கிடக்கும்.

அடுத்து பேக்மேன் -எஸ் போட்டு டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு), சிமேக் (கம்பைலுக்குத் திட்டம் போடுவது), நிஞ்சா (அந்தத் திட்டத்தை ஓட்டுவது), லெப்டோனிகா நான்கையும் நிறுவுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'மிங்டபிள்யூ-டபிள்யூ64-யுசிஆர்டி-எக்ஸ்86_64-' என்ற நீண்ட முன்னொட்டு கட்டாயம் வேண்டும். அது நீளம் என்று சலித்து வெறும் 'சிமேக்' என்று கொடுத்தால் மொட்டை எம்சிஸுக்கான சிமேக் வந்து உட்காரும். சரிபார்க்க 'விச் சிமேக்' என்று அடியுங்கள். விடை யுசிஆர்டி64 ஃபோல்டருக்குள் இருப்பதாக வர வேண்டும். யுஎஸ்ஆர் ஃபோல்டர் என்று வந்தால் தப்பான சிமேக்.

சோர்ஸை சி டிரைவில் 'எஸ்ஆர்சி' மாதிரி குட்டிப் பெயருள்ள ஃபோல்டரில் வையுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். பல கணினிகளில் டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை அது மேலே ஏற்றப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிமேக்கை ஓட்டும்போது 'பில்ட்_டிரெயினிங்_டூல்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் ஐசியு, பேங்கோ, கெய்ரோ என்று எழுத்துருப் பயிற்சிக்கான லைப்ரரிகளையும் கேட்கும். படம் படிக்க அவை தேவையில்லை. வழியில் லிப்ஆர்க்கைவ், கர்ல் 'குட் நாட் ஃபைன்ட்' என்று வந்தால் பதறாதீர்கள், இரண்டும் விருப்பத் தேர்வுகள். சிமேக் உண்மையில் நின்றால் 'சிமேக் எரர்' என்றே சொல்லும்.

கம்பைல் முடிந்த டெசராக்ட்.எக்ஸ்இ யுசிஆர்டி64 டெர்மினலில் ஓடும். அதையே கடையின் இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனால் 'லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் காணவில்லை' என்று நிற்கும். டெர்மினலில் 'எல்டிடி டெசராக்ட்.எக்ஸ்இ' என்று கொடுத்தால் அது நம்பியிருக்கும் டிஎல்எல் பட்டியல் வரும். அதில் யுசிஆர்டி64 பாதையில் இருப்பவற்றை மட்டும் எக்ஸ்இ பக்கத்தில் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் சிஸ்டம்32 பாதையில் வருகிறவற்றைத் தொடவே வேண்டாம். காணாத டிஎல்எல்லைத் தனியாக டவுன்லோடு கொடுக்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். வேறு வெர்ஷன் கிடைத்தால் 'புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்' பிழை, 32 பிட் கிடைத்தால் 0எக்ஸ்சி000007பி என்ற பிழை. வைரஸ் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழுக்கான 'டாம்.டிரெயின்ட்டேட்டா' ஃபைலை டெஸ்டேட்டா என்ற ஃபோல்டரில் வைத்து, 'டெஸ்டேட்டா_பிரிஃபிக்ஸ்' என்ற சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) அந்த ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். பழைய 3ஆம் வெர்ஷன் குறிப்புகளில் அதற்கு ஒரு படி மேலுள்ள ஃபோல்டரைக் கொடுக்கச் சொல்லியிருக்கும். 4, 5 வெர்ஷன்களுக்கு அது பொருந்தாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: நிரலில் கை வைக்கும் எண்ணம் இல்லையென்றால் கம்பைலே செய்ய வேண்டாம். எம்சிஸ்2 களஞ்சியத்தில் டெசராக்ட் தயாராகவே இருக்கிறது, பேக்மேனில் ஒரு வரி. மிச்சமாகும் நேரத்தைப் புத்தகத்தை 300 டிபிஐயில் நேராக ஸ்கேன் செய்வதில் போடுங்கள். பழைய அச்சுக்கு அதுதான் அதிகப் பலன் தரும்.

கல்லூரி புராஜெக்டுக்கு பைத்தான் பேக்கேஜ் ஒன்றை பிப் என்ற நிறுவல் கருவி மூலம் போட்டால் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 ஆர் கிரேட்டர் இஸ் ரெக்வயர்ட்' என்கிறது. விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் மூன்று வெர்ஷன் போட்டாயிற்று. இன்னும் அதே பிழை. – மாணவி, குழித்துறை

ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்பது ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராமை ஓட்டுவதற்கான டிஎல்எல் தொகுப்பு. அதில் கம்பைலர் கிடையாது. முப்பது வெர்ஷன் போட்டாலும் இதே பதில்தான் வரும்.

பிப் ஏன் கம்பைலரைத் தேடியது என்பதுதான் உண்மையான கேள்வி. பெரும்பாலான பேக்கேஜ்கள் 'வீல்' என்ற தயார் வடிவில் வரும். வீல் ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும் தனியாகத் தயாரிக்கப்படுவது வழக்கம். நேற்று வெளியான பைத்தானை நீங்கள் போட்டிருந்தால் அந்தப் பேக்கேஜின் ஆசிரியர்கள் அதற்கு இன்னும் வீல் வெளியிட்டிருக்க மாட்டார்கள். வீல் இல்லாததால் பிப் சோர்ஸை இறக்கித் தானே கம்பைல் செய்யப் பார்க்கிறது. கணினியில் 32 பிட் பைத்தான் இருந்தாலும் இதே கதை.

'பை -0' என்று அடித்தால் கணினியில் உள்ள பைத்தான்கள் தெரியும். ஒன்றிரண்டு வெர்ஷன் பழையதை, 64 பிட்டாக, கூடவே நிறுவி, அதில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கிக் கொண்டு பிப் கொடுங்கள். '--ஒன்லி-பைனரி :ஆல்:' என்பதைச் சேர்த்தால் பிப் கம்பைல் செய்யவே போகாது. வீல் இல்லையென்றால் நேராக இல்லை என்று சொல்லிவிடும். பத்துக்கு ஒன்பது மாணவர்களுக்கு இதோடு வேலை முடியும்.

வீலே வெளியிடாத பேக்கேஜ் என்றால்தான் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ். நிறுவும்போது 'டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++' என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். டிக் போடாமல் அடுத்து, அடுத்து என்று போனால் கம்பைலர் இல்லாத பில்ட் டூல்ஸ் கிடைக்கும், பிழையும் அப்படியே இருக்கும். சில ஜிபி இறங்கும் என்பதால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள்.

இரவில் கம்பைலுக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். இடிமழையில் கரண்டு போய்விட்டது. காலையில் தொடர்ந்தால் 'ஃபைல் ஃபார்மட் நாட் ரெககனைஸ்ட்' என்று ஒரு ஃபைலில் நிற்கிறது. கூடவே 'கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்' என்றும் வருகிறது. மூன்று மணி நேர வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? – வாசகர், அருமனை

வேண்டாம். ஆனால் இரண்டும் தனித்தனிக் கோளாறு.

முதலாவது: கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (ஒரு சோர்ஸ் ஃபைலின் கம்பைல் ஆன வடிவம்) பாதியில் நின்றிருக்கிறது. கம்பைலை ஓட்டும் மேக், நிஞ்சா இரண்டும் ஃபைல் இருக்கிறதா, நேரம் சரியா என்றுதான் பார்க்கும்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதனால் கெட்ட ஃபைலை நல்லது என்று நம்பி லிங்கரிடம் கொடுக்கிறது. அளவு சுழியமாக உள்ள .ஓ, .ஓபிஜே ஃபைல்களை அழியுங்கள் என்று பலரும் சொல்வார்கள். அது போதாது. திடீரென்று நின்றுபோன என்டிஎஃப்எஸ் டிரைவில் ஃபைலின் அளவு சரியாகவே காட்டும், உள்ளே முழுக்க வெறும் சுழியமாக இருக்கும். எக்ஸ்புளோரரில் பில்ட் ஃபோல்டருக்குப் போய்த் தேடல் பெட்டியில் '*.ஓபிஜே', பிறகு '*.ஓ' கொடுத்து, தேதி வாரியாக அடுக்கி, கரண்டு போவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் பிறந்தவை எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அதே நேரத்து .ஏ லைப்ரரிகளையும் சேர்த்து. பிறகு கம்பைலைத் தொடர்ந்தால் அழித்தவற்றை மட்டும் புதிதாக உருவாக்கும். நிஞ்சா தன் பதிவேடு பாதியில் முடிகிறது, மீட்டெடுக்கிறேன் என்று ஒரு எச்சரிக்கை விடும், அது பரவாயில்லை. கரண்டு போனபோது, சோர்ஸை இறக்கித் தரும் கிட் எதையாவது இறக்கிக்கொண்டிருந்து, 'ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி' என்று அது சொன்னால் ஒட்டுப் போடாமல் புதிதாகக் குளோன் செய்யுங்கள்.

இரண்டாவது: கரண்டு போய் வந்ததும் நேரம் தப்புகிறது என்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்டு இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அந்த 3 வோல்ட் பொத்தான் பேட்டரிதான். அது செத்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நேற்று இரவு பிறந்த ஃபைல்கள் எல்லாம் 'எதிர்காலத்தில்' பிறந்தவையாக ஆகிவிடும். எது பழசு எது புதுசு என்று மேக்குக்குத் தெரியாது. பிழை எதுவும் காட்டாமலே பழைய ஃபைலைக் கோர்த்துவிடும் என்பதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. கிட், பேக்மேன் இரண்டும் 'செர்டிஃபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்' என்று முரண்டு பிடிப்பதற்கும் இதே காரணம்தான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் வாட்ச் கடைகளிலும் பேட்டரி கிடைக்கும். கரண்டு வயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள், தேதியைச் சரி செய்யுங்கள். தேதி தப்பியிருந்த நேரத்தில் நீங்கள் எதையும் கம்பைல் செய்திருந்தால் அவற்றையும் அழித்துவிட வேண்டும். எவை என்று பிரிக்க முடியவில்லை என்றால், அப்போது மட்டும் பில்ட் ஃபோல்டரையே அழித்து முதலிலிருந்து.

இனிமேலுக்கு சிகேஷ் நிறுவிக்கொள்ளுங்கள். ஒருமுறை கம்பைல் ஆன ஃபைலின் விளைவை அது தனியே சேர்த்து வைக்கும். பில்ட் ஃபோல்டர் போனாலும் இரண்டாம் ஓட்டம் வெகு சீக்கிரம் முடியும். ஐப்பசி மழையில் டெஸ்க்டாப்பை யுபிஎஸ் இல்லாமல் ராத்திரி முழுக்க ஓடவிடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

விண்டோஸ் போடும்போது பயனர் பெயரைத் தமிழில் கொடுத்துவிட்டேன். சோர்ஸை வேறு ஃபோல்டரில் வைத்த பிறகும் 'கான்ட் ஓப்பன்... டெம்ப்' என்று கேள்விக்குறிகளோடு பிழை வருகிறது. – வாசகர், தக்கலை

சோர்ஸ் வேறிடத்தில் இருந்தாலும் கம்பைலர் தன் இடைக்கால ஃபைல்களை டெம்ப் ஃபோல்டரில்தான் எழுதும். அந்த டெம்ப் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள், அதாவது தமிழ்ப் பெயருக்குள் இருக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் பழைய 8 பிட் சிஸ்டம் கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். பழைய முறையில் பாதையைப் படிக்கும் கருவிகளுக்குத் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிவிடுகிறது. கேள்விக்குறி ஃபைல் பெயரில் இருக்கவே கூடாத எழுத்து. மலையாளத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கும் இதே நிலைதான்.

உடனடித் தீர்வு: சி டிரைவில் 'டிஎம்பி' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, சூழல் மாறிகளில் 'டெம்ப்', 'டிஎம்பி' இரண்டையும் அதற்குத் திருப்புங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. டெர்மினலை மூடித் திறங்கள். எம்சிஸ்2 வீட்டு ஃபோல்டரும் பயனர் பெயரிலேயே இருக்கும் என்பதால் அங்கே கம்பைல் செய்யாமல் சி:\எஸ்ஆர்சி பக்கம் வாருங்கள்.

செட்டிங்ஸில் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது திரையில் காட்டும் பெயரை மட்டும் மாற்றும், ஃபோல்டர் அப்படியே இருக்கும். ஃபோல்டர் பெயரை ரிஜிஸ்ட்ரியில் போய் மாற்றச் சொல்லும் வழிகளை நம்பாதீர்கள். கம்பைலுக்கென்றே ஆங்கில எழுத்தில் புதிய லோக்கல் பயனர் ஒன்றை உருவாக்குவது பத்து நிமிட வேலை.

குளச்சலில் படகுக்காரர்களுக்குக் கடல் வரைபட மென்பொருள் போட்டுத் தருகிறேன். ஒன்றைக் கம்பைல் செய்தால் 'எல்என்கே1112, மாட்யூல் மெஷின் டைப் எக்ஸ்64 கான்ஃப்லிக்ட்ஸ் வித் எக்ஸ்86' என்கிறது.

32 பிட்டும் 64 பிட்டும் ஒரே புரோகிராமுக்குள் சேராது. சோர்ஸோடு வரும் கம்பைல் குறிப்பில் 'வின்32' என்று இருந்தால் அது பெரும்பாலும் 32 பிட்டைக் குறிக்கும்; அப்படியென்றால் உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட்டிலேயே கட்டுங்கள். சிமேக்குக்கு -ஏ வின்32 என்று கொடுக்க வேண்டும், பெரிய ஏ. அதோடு டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போன்ற லைப்ரரிகளும் 32 பிட்டாகவே வேண்டும். ஏற்கெனவே 64 என்று ஓட்டிய பில்ட் ஃபோல்டரில் இதைக் கொடுத்தால் கேட்காது. முதல் ஓட்டத்தின் முடிவுகளை சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி பிடித்து வைத்திருக்கும், ஃபோல்டரோடு அழியுங்கள்.

'கம்பாட்டிபிலிட்டி வித் சிமேக் < 3.5 ஹேஸ் பீன் ரிமூவ்ட்'. போன வருடம் ஓடிய அதே சோர்ஸ்! – வாசகர், திங்கள்சந்தை

சோர்ஸ் மாறவில்லை, சிமேக் 4க்குப் போயிருக்கிறீர்கள். 2025இல் வந்த 4.0 வெர்ஷன் பழைய கட்டளைமுறைக்கான ஆதரவை எடுத்துவிட்டது. -டிசிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம்=3.5 என்று சேர்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும். எல்லாம் பெரிய எழுத்தில்.

விஷுவல் ஸ்டுடியோவில் கம்பைல் செய்த சொல்திருத்தி, தமிழ்ச் சொற்களைக் கேள்விக்குறிகளாகக் காட்டுகிறது. நண்பர் கணினியில் ஆல்ஃபா மாதிரியான குறிகள் வருகின்றன. – ஆசிரியர், கொட்டாரம்

இரண்டு காட்சிக்கும் காரணம் வேறு வேறு.

கேள்விக்குறி என்றால் தமிழ் கம்பைல் ஆகும்போதே அழிந்துவிட்டது. சோர்ஸ் ஃபைல் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளக் குறி) உள்ள யுடிஎஃப்-8 ஆக இருப்பதால் கம்பைலர் தமிழைச் சரியாகப் படித்தது. ஆனால் எக்ஸ்இக்குள் எழுதும்போது 1252 கோட்பேஜுக்கு மாற்றப் பார்த்து, அதில் தமிழ் இல்லாததால் கேள்விக்குறி போட்டது. சி4566 என்ற எச்சரிக்கை லாகில் இருக்கும், பாருங்கள். இனி திரையில் என்ன செய்தாலும் மீளாது. கம்பைலருக்கு /யுடிஎஃப்-8 என்ற ஆப்ஷன் கொடுத்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

ஆல்ஃபா போன்ற குறிகளும் தொப்பி வைத்த லத்தீன் எழுத்துகளும் வந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளைக் கன்சோல் மூன்று தனி எழுத்தாக வாசிக்கிறது. 'சிஎச்சிபி 65001' என்று கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். அதன் பிறகும் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அது கன்சோல் எழுத்துரு காட்டும் விதம். விடையை ஒரு ஃபைலில் எழுதி நோட்பேடில் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்ப் பெயருள்ள ஃபைலைத் திறக்க மறுத்தால், புரோகிராமோடு சேரும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக்குறிப்பில் 'ஆக்டிவ்கோட்பேஜ்' யுடிஎஃப்-8 என்று சேர்க்கலாம். விண்டோஸ் 10இன் 1903 வெர்ஷனிலிருந்து இது வேலை செய்யும்.

'.\கன்ஃபிகர்' ஓட்டினால் '\ஆர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. – வாசகர், இரணியல்

விண்டோஸுக்கான கிட், குளோன் செய்யும்போது வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டது. 'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' என்பதை 'இன்புட்' என்று வைத்து, பழைய ஃபோல்டரை அழித்து மறுபடி குளோன் செய்யுங்கள். செட்டிங்கை மாற்றுவதால் மட்டும் ஏற்கெனவே இறங்கிய ஃபைல்கள் மாறாது. சாய்கோட்டையும் கவனியுங்கள்: எம்சிஸ்2 டெர்மினலில் முன்சாய்ந்த கோடுதான்.

4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் 'அவுட் ஆஃப் மெமரி' வருகிறது. ராம் ஏற்றாமல் வழி உண்டா? – மாணவர், ஆரல்வாய்மொழி

உண்டு. நிஞ்சா, தானாகவே உங்கள் பிராசசரின் எல்லா கோர்களுக்கும் வேலை கொடுக்கும். பெரிய சி++ ஃபைல் ஒன்றுக்கு 1 முதல் 2 ஜிபி வரை போகலாம் என்பதால் நான்கு ஒன்றாக ஓடினால் தாங்காது. ஒரு நேரத்தில் ஒரே வேலை என்பதற்கான -ஜே1 கொடுங்கள், நேரம் பிடிக்கும், முடிந்துவிடும். பிரவுசரை மூடுங்கள், பேஜ்ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே விடுங்கள். -ஜே1இல் இன்னொரு வசதி: பல வேலை ஒன்றாக ஓடும்போது முதல் பிழை மற்றவற்றின் வரிகளுக்குள் புதைந்துபோகும், ஒன்றுதான் ஓடினால் நின்ற இடமே பிழை. எங்களுக்கு எழுதும்போது திரையின் கடைசி வரியை வேண்டாம், லாகில் முதன்முதலாக 'எரர்' என்று வரும் வரியையும் அதற்கு மேலே பத்து வரியையும் அனுப்புங்கள்.

இரண்டாவது தடவை கம்பைல் செய்தால் மட்டும் 'கேன்னாட் ஓப்பன் அவுட்புட் ஃபைல், பெர்மிஷன் டினைட்'. அட்மினிஸ்ட்ரேட்டராகவும் ஓட்டிப் பார்த்தாயிற்று. – வாசகர், கருங்கல்

முதல் தடவை கட்டிய எக்ஸ்இ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்து முடித்துவிடுங்கள். அங்கே இல்லையென்றால் ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருக்கும். பில்ட் ஃபோல்டர் ஒன்றை மட்டும் அதன் விலக்குப் பட்டியலில் சேருங்கள், சி டிரைவ் முழுவதையும் அல்ல.